இரும்பும் குளிரும் லேசரும்: மீகடத்திப் படலங்கள் பற்றி ஓர் அறிமுகம்

விஞ்ஞான ஆசிரியர் வராத ஒரு நாளில் தரம் 10 வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். நான் தமிழ் படிப்பிக்கிறவன். விஞ்ஞானப் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்து, உலோகங்கள் பற்றிய பக்கத்தைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்தேன். கடைசி வாங்கில் இருந்த ஒரு பையன் கையைத் தூக்கினான். அவனுடைய வாப்பா பழைய இரும்பு வியாபாரி. "சேர், எங்கட கடையில இருந்து லொறி லொறியா இரும்பு கொழும்புக்குப் போகுது. அதை உருக்கித் திரும்பவும் கம்பியும் தகடும்தான் செய்வாங்களா? இரும்பில வேற ஒண்டும் செய்யேலாதா?" என்று கேட்டான்.

எனக்கு மறுமொழி தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்லுறன்" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட போது, எங்கள் வீட்டிலும் பூட்டிவிட்டு வந்தது ஓர் இரும்புக் கடையைத்தான். திரும்பி வந்தவர்களில் பலருக்குப் பிழைப்புக்குக் கைகொடுத்ததும் பழைய இரும்புதான். இரும்பு எங்கள் சமூகத்துக்குச் சோறு போட்ட உலோகம். அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது நிறையும் விலையும் மட்டும்தானா என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

தேடியதில் வியப்பான ஒரு செய்தி அகப்பட்டது. இரும்பைச் சேர்த்துச் செய்யும் சில சேர்மங்கள், போதுமான அளவு குளிர்ந்தால், மின்னோட்டத்தைத் துளியும் தடையில்லாமல் கடத்துகின்றன. அவற்றை லேசர் துடிப்புகளால் ஆவியாக்கி, தலைமுடியின் தடிப்பில் ஐந்நூறில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோ உள்ள படலங்களாக வளர்க்கிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. நான் பௌதிகவியலாளன் அல்லன். விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டதை, என்னைப் போன்ற வாசகருக்கு விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

சரந்தீவின் இரும்பு

புதிய கதைக்கு முன் ஒரு பழைய கதை. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சியில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். எந்த நாட்டு இரும்பு எப்படிப்பட்டது, எந்த வாளின் அலகில் எவ்வகை வரிகள் தெரியும் என்றெல்லாம் வகைப்படுத்திய அந்த நூலில் சரந்தீவு இரும்பும் இடம்பெறுகிறது. சரந்தீவு என்று அரபிகள் அழைத்தது எங்கள் இலங்கையைத்தான்.

இது வெறும் கேள்விப்பட்ட கதையாக இருக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு மறுமொழி 1990களில் கிடைத்தது. பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவ பகுதியில் கில் யூலெவ் என்ற தொல்லியலாளர் ஆய்வு செய்தார். மலைச் சரிவுகளில் மேற்குப் பார்த்தபடி நீண்ட உலைகள் வரிசையாகக் கிடந்தன. துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தைக் கொண்டே இரும்பை உருக்கியிருக்கிறார்கள். அதே மாதிரி உலையைத் திரும்பக் கட்டி, காற்று வீசும் காலத்தில் எரித்துப் பார்த்து, தரமான உருக்கு கிடைப்பதையும் அவர் காட்டினார். 1996இல் 'நேச்சர்' இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. அந்த உலைகள் இயங்கிய காலம் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை. அல்கிந்தியின் காலம் அதற்குள்ளேயே வருகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரும்பில் புதுமை செய்வது இந்த மண்ணுக்கு அந்நியமான வேலை அல்ல. காற்றை அடக்கி இரும்பு உருக்கியவர்கள் இங்கே இருந்தார்கள். அந்த இரும்பை விளங்கி எழுதியவர்கள் பக்தாதில் இருந்தார்கள்.

தடையற்ற ஓட்டம்

செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறதென்றால், இலத்திரன்கள் அணுக்களுக்கு இடையே முட்டி மோதிக்கொண்டு போகின்றன என்று பொருள். மோதலில் வெப்பம் பிறக்கிறது. அதுதான் மின்தடை. இசுத்திரிப் பெட்டி சுடுவது அதனால்தான். மின்கம்பிகளில் வழியிலேயே மின்சாரத்தின் ஒரு பங்கு வீணாவதும் அதனால்தான்.

1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கமர்லிங் ஒன்னஸ் என்ற பௌதிகவியலாளர் இரசத்தைத் திரவ ஈலியத்தால் குளிர்வித்தார். 4.2 கெல்வினை, அதாவது சுழியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியசை அண்மித்தபோது, இரசத்தின் மின்தடை சட்டென்று இல்லாமற் போயிற்று. குறையவில்லை, இல்லாமலே போயிற்று. இப்படிப்பட்ட பொருளுக்குத்தான் மீகடத்தி என்று பெயர். எந்த வெப்பநிலையில் அந்த மாற்றம் நிகழ்கிறதோ அது அதன் மாறுநிலை வெப்பநிலை.

ஏன் அப்படி? ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுவதை நினைத்துப் பாருங்கள். தோளோடு தோள் இடிக்கும், செருப்புத் தேடுகிறவர் குனிவார், பின்னால் வருகிறவர் தடுக்குவார். சாதாரணக் கம்பியில் இலத்திரன்களின் நிலை அதுதான். சற்று முன்னர் அதே மக்கள் சஃப் கட்டி நின்றபோதோ, ஆயிரம் பேர் ஓர் உடல் போலக் குனிந்து நிமிர்ந்தார்கள். ஒருவரும் ஒருவரை இடிக்கவில்லை. மீகடத்தியில் இலத்திரன்கள் முதலில் இரண்டிரண்டாகச் சோடி சேர்கின்றன. பிறகு எல்லாச் சோடிகளும் ஒரே ஒழுங்கில் இணைந்து அசைகின்றன. தனி ஒரு சோடியை இடித்து நிறுத்த அணுக்களால் முடிவதில்லை. பழைய வகை மீகடத்திகளில் இந்தச் சோடியை உண்டாக்குவது அணுக்களின் அதிர்வே என்பதை 1957இல் பார்டீன், கூப்பர், சிரீஃபர் ஆகிய மூவரும் விளக்கினார்கள்.

இன்று மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் இருக்கும் பெரும் காந்தம், நையோபியமும் தைற்றானியமும் கலந்த மீகடத்திக் கம்பியால் சுற்றப்பட்டது. அது 9 கெல்வினுக்கு மேலே வேலை செய்யாது. ஆகவே விலை உயர்ந்த திரவ ஈலியம் தேவை. கொஞ்சம் சூடான நிலையிலும், இன்னும் பலமான காந்தப்புலத்திலும் தாக்குப்பிடிக்கும் மீகடத்தி கிடைத்தால் செலவு குறையும், கருவிகள் சிறுக்கும். உலகம் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

பகைவன் நண்பனான கதை

அந்தத் தேடலில் இரும்பை ஒருவரும் நாடவில்லை. காரணம் எளிது. காந்தமும் மீகடத்தலும் எதிரிகள். மீகடத்தி காந்தப்புலத்தைத் தன் உடலுக்குள் விடாமல் வெளியே தள்ளும். காந்தப்புலம் எல்லை மீறினால் மீகடத்தல் அழிந்துவிடும். இரும்போ காந்தத்துக்கே பேர்போன உலோகம். அதை மீகடத்தியில் கலப்பது பாலில் எலுமிச்சம் புளி விடுவதைப் போல என்று நெடுங்காலம் கருதினார்கள்.

1986இல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஒட்சைட்டு வகை மீகடத்திகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே இற்றியம், பேரியம், செம்பு, ஒட்சிசன் சேர்ந்த ஒரு பொருள் 93 கெல்வின் வரை மீகடத்தியாக இருந்தது. மலிவான திரவ நைதரசனே அதற்குப் போதும். ஆனால் அவை மட்பாண்டம் போல நொறுங்கும் பொருள்கள், கம்பியாக்குவது பெரும்பாடு.

2008இன் தொடக்கத்தில் யப்பானின் தோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹிதேயோ ஹொசோனோவின் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இலந்தனம், இரும்பு, ஆசனிக்கு, ஒட்சிசன் சேர்ந்த சேர்மத்தில் ஒட்சிசனின் ஒரு பகுதிக்குப் புளோரினைப் புகுத்தியதும், அது 26 கெல்வினில் மீகடத்தியாயிற்று. ஹொசோனோ மீகடத்தி தேடிப் புறப்பட்டவர் அல்லர். ஒளி ஊடுபுகும் குறைகடத்திகள்தான் அவருடைய துறை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே குடும்பத்தில் பொசுபரசு சேர்ந்த ஒன்று 4 கெல்வினளவில் மீகடத்தியாவதை அவர் குழு கண்டிருந்தது. அப்போது உலகம் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 26 என்றதும் எல்லா ஆய்வுகூடங்களும் விழித்துக்கொண்டன. சில வாரங்களில் பெய்ஜிங் குழுவொன்று இலந்தனத்துக்குப் பதில் சமாரியத்தை வைத்து 55 கெல்வினைத் தொட்டது. அதே ஆண்டில் தாய்வானில் மௌ குன் வூவின் குழு, இரும்பும் செலீனியமும் மட்டுமே சேர்ந்த எளிய சேர்மமொன்று 8 கெல்வினில் மீகடத்தியாவதைக் காட்டியது.

இவை எல்லாவற்றிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இரும்பு அணுக்கள் சதுரக் கட்டங்களாக ஒரு தளத்தில் பரந்திருக்கும். ஒவ்வோர் இரும்பையும் நான்கு ஆசனிக்கு அல்லது செலீனிய அணுக்கள் மேலும் கீழுமாகப் பிடித்திருக்கும். இப்படி இரும்புத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, பாய்களை அடுக்கினாற் போல, இருக்கும். இந்தக் குடும்பத்தில் பலவற்றின் தாய்ச் சேர்மங்களில் அயல் அணுக்களின் காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த் திசை நோக்கி முறைத்துக்கொண்டு நிற்கும். வேறொரு மூலகத்தைச் சிறிது கலந்தாலோ, பெரும் அழுத்தம் கொடுத்தாலோ அந்த முறைப்பு தளர்கிறது. தளரும் அந்த விளிம்பில் மீகடத்தல் பிறக்கிறது. இங்கே இலத்திரன்களைச் சோடி சேர்ப்பது எது என்பது இன்னும் தீராத வழக்கு. காந்தத் தன்மையின் ஏற்ற இறக்கமே அந்த வேலையைச் செய்கிறது என்பது பலருடைய கருத்து. பகைவன் என்று ஒதுக்கப்பட்டவனே தரகனாய் நிற்கிறான்.

லேசரால் படலம் வளர்த்தல்

ஒரு மீகடத்தியின் இயல்பை ஒழுங்காக அளக்கவும், அதைக் கருவியாகவோ நாடாவாகவோ ஆக்கவும் மெல்லிய படலம் வேண்டும். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட, குறையில்லாத படலம். அதைச் செய்யும் வழிகளில் ஒன்றுதான் துடிப்பு லேசர் படிவு முறை.

அதன் வரலாற்றில் எங்கள் காதுக்குப் பழக்கமான ஒரு பெயர் வருகிறது: திருமலை வெங்கடேசன். இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற பௌதிகவியலாளர். லேசரால் பொருளை ஆவியாக்கிப் படலம் செய்யலாம் என்பதை 1965இலேயே சிமித், டேர்ணர் என்ற இருவர் மாணிக்க லேசரைக் கொண்டு காட்டியிருந்தார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது ஒரு மூலையில் கிடந்தது. 1987இல் இற்றியம் சேர்ந்த அந்தப் புதிய மீகடத்தி வந்ததும், அதைப் படலமாக்க உலகமே போட்டியிட்டது. சிக்கல் என்னவென்றால், அதில் இற்றியம், பேரியம், செம்பு மூன்றும் 1:2:3 என்ற விகிதத்தில் இருந்தே ஆகவேண்டும். விகிதம் தவறினால் மீகடத்தல் இல்லை. நியூ ஜேர்சியின் பெல்கோர் ஆய்வுகூடத்தில் வெங்கடேசனும் அவருடன் வேலை செய்தவர்களும் மீகடத்தி வில்லை ஒன்றின்மேல் புறவூதா லேசர் துடிப்புகளைப் பாய்ச்சினார்கள். வில்லையில் இருந்த விகிதம் அப்படியே படலத்திலும் வந்தது. 1987 ஓகஸ்டில் அந்த ஆய்வு வெளியானது. அதன் பிறகுதான் இந்த முறை உலகெங்கும் பரவியது. அவர் பின்னர் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

முறையைச் சொல்கிறேன். காற்றெல்லாம் உறிஞ்சப்பட்ட ஓர் உருக்கு அறை. உள்ளே ஒரு பக்கத்தில், நாம் படலமாக்க விரும்பும் பொருளின் வில்லை. மூலகங்களைத் தூளாக்கிக் கலந்து, அழுத்தி, சூடாக்கிச் செய்தது. அதற்கு எதிரே சில சென்ரிமீற்றர் தூரத்தில், சூடாக்கப்பட்ட ஒரு தளப்பளிங்கு. வெளியே இருந்து லேசர், ஒரு கண்ணாடிச் சாளரத்தின் வழியாக வில்லையின்மேல் குவிக்கப்படுகிறது.

லேசர் தொடர்ந்து எரிவதில்லை. செக்கனுக்குப் பத்துத் தடவை என்ற கணக்கில் துடிக்கும். ஒரு துடிப்பின் நீளம் ஒரு செக்கனின் நூறு கோடிப் பங்கில் இருபது பங்கு போல. ஒளியே அந்த நேரத்தில் 6 மீற்றர்தான் போகும். எங்கள் வகுப்பறையின் ஒரு சுவரில் இருந்து மறு சுவருக்கு. ஒரு துடிப்பில் 0.2 யூல் சக்தி என்று வைத்துக்கொள்வோம். இது மிகச் சிறிய அளவு. ஆனால் அவ்வளவும் அந்தக் கணத்துக்குள் கொட்டப்படுவதால், அக்கணத்தின் வலு 10 மெகாவாற்று. பத்து வாற்று மின்குமிழ்கள் பத்து இலட்சத்தை அந்தக் கணத்துக்கு மட்டும் ஏற்றினாற் போல.

இந்தத் திடீர்த் தாக்குதல்தான் விகிதத்தைக் காப்பாற்றுகிறது. மெதுவாகச் சூடாக்கினால் என்ன நடக்கும்? இலகுவில் ஆவியாகும் மூலகம் முதலில் போய்விடும். இரும்பு கொதிப்பது 2,860 பாகை அளவில். செலீனியம் 685 பாகையிலேயே கொதிக்கும். ஆசனிக்கு 615 பாகையளவில் உருகாமலே நேராக ஆவியாகும். அடுப்பில் மெல்ல வைத்தால் ஆசனிக்கும் செலீனியமும் பறந்துபோய் இரும்பு மட்டும் சட்டியில் கிடக்கும். லேசர் துடிப்போ யாருக்கும் முந்த நேரம் கொடுப்பதில்லை. வில்லையின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படை அப்படியே பெயர்ந்து, மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவாக, சிறு சுவாலை போல ஒளிர்ந்து எதிரே பாய்கிறது. அது தளப்பளிங்கில் போய்ப் படிகிறது. ஒரு துடிப்பில் படிவது பெரும்பாலும் ஓர் அணுத் தடிப்பை விடவும் குறைவு. ஆயிரக்கணக்கான துடிப்புகளுக்குப் பிறகு 100 நனோமீற்றர் படலம் கிடைக்கிறது.

தளம் ஏன் பளிங்காக இருக்கவேண்டும்? ரைல்ஸ் பதிக்கும் மேசனிடம் கேளுங்கள். முதல் வரிசை நேராக இருந்தால் மிச்ச வரிசைகள் தாமாகவே நேராக வரும். தளப்பளிங்கின் அணு இடைவெளி, படலத்தின் அணு இடைவெளிக்கு நெருக்கமாக இருந்தால், வந்து விழும் அணுக்கள் அந்த ஒழுங்கைப் பின்பற்றி அடுக்கப்படுகின்றன. தளத்தைச் சூடாக்குவதும் இதற்காகத்தான். சூட்டில் அணுக்கள் சிறிது அசைந்து தம் இடத்தைத் தேடிக்கொள்ளும்.

இரும்பில் வந்த சிரமங்கள்

செம்பு ஒட்சைட்டுப் படலங்களுக்கு அறைக்குள் ஒட்சிசன் வேண்டும். இரும்பு மீகடத்திகளுக்கோ பலமான வெற்றிடம் வேண்டும். ஒட்சிசன் கொஞ்சம் மிஞ்சினாலும் இரும்பு தன் பழைய குணத்தைக் காட்டும். துருப்பிடித்த கூரைத் தகட்டைக் கண்ட எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த சிரமம் புளோரின். ஹொசோனோவின் முதற் சேர்மத்தில் மீகடத்தலைத் தருவதே அதுதான். ஆனால் லேசர் படிவின்போது அது படலத்தில் தங்குவதில்லை. 2008இல் அவருடைய குழுவே அந்தச் சேர்மத்தின் ஒழுங்கான படலத்தை வளர்த்தது, அது மீகடத்தியாகவில்லை. உடனே அவர்கள் வேறு வழிக்குத் திரும்பினார்கள். தறாந்தியம், இரும்பு, ஆசனிக்கு சேர்ந்த சேர்மத்தில் சிறிது கோபால்ட்டைக் கலந்தார்கள். கோபால்ட்டு இலகுவில் ஆவியாகாது. 700 பாகை சூட்டில் லேசரால் வளர்த்த அந்தப் படலம் ஏறக்குறைய 20 கெல்வினில் மீகடத்தியாயிற்று. அதே ஆண்டுக்குள் இது நடந்தது. தறாந்தியத்துக்குப் பதில் பேரியத்தை வைத்த படலம் பிறகு இத்துறையின் வேலைக்குதிரையாயிற்று.

மூன்றாவது சிரமம் தளம். பெரும்பாலான தளப்பளிங்குகள் ஒட்சைட்டுகள். மீகடத்தியோ உலோகத் தன்மை உள்ளது. இரண்டும் ஒட்ட மறுத்தன. 2010இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் குழு ஒன்று இடையில் தறாந்தியம் தைற்றனேற்றின் மெல்லிய படையொன்றை இட்டு இதைத் தீர்த்தது. செருமனியின் திரெஸ்டன் குழு வேறொரு தந்திரம் செய்தது. இடையில் தூய இரும்பையே மெல்லிய படையாக இட்டார்கள். அந்த இரும்பின் அணு இடைவெளியும் மீகடத்திக்குள் இருக்கும் இரும்புத் தளத்தின் இடைவெளியும் பொருந்திப் போயின. இனம் இனத்தோடு சேர்ந்தது.

குறைகளும் உண்டு. சுவாலையோடு சிறு துளிகளும் தெறித்துப் படலத்தில் புள்ளிகளாய் ஒட்டிவிடும். சீரான படலம் சில சென்ரிமீற்றர் அகலத்துக்கே கிடைக்கும். ஆசனிக்கு நஞ்சு, கவனம் வேண்டும்.

படலம் கட்டியை வென்ற இடம்

இவ்வளவு பாடு எதற்கு? படலத்தில் கட்டிப் பொருளுக்கு இல்லாத சில வசதிகள் கிடைக்கின்றன. இரும்பு, செலீனியம், தெலூரியம் சேர்ந்த சேர்மம் கட்டியாக இருக்கும்போது 15 கெல்வின் அளவில் மீகடத்தியாகும். 2010இல் இத்தாலியின் செனோவாக் குழு, தளப்பளிங்கின்மேல் வளர்த்த படலத்தில் 21 கெல்வினை எட்டியது. பொருள் அதேதான். படலத்துக்குள் அணுக்கள் இலேசாக நெருக்குண்டதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

2013இல் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் இதே சேர்மத்தை லேசரால், உலோக நாடாவின்மேல், சீரியம் ஒட்சைட்டு இடைப்படையோடு வளர்த்தார்கள். திரவ ஈலிய வெப்பநிலையில் அதன் ஒரு சதுர சென்ரிமீற்றர் குறுக்குவெட்டுக்கு பத்து இலட்சம் அம்பியருக்கு மேல் ஓடக்கூடியதாக இருந்தது. 30 தெஸ்லா காந்தப்புலத்திலும் ஓர் இலட்சம் அம்பியர் தாங்கியது. வழமையான எம்.ஆர்.ஐ. காந்தம் 1.5 தெஸ்லா; 30 என்பது அதன் இருபது மடங்கு. வீட்டுச் செம்புக் கம்பியில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஆயிரம் அம்பியர் என்றாலே அதிகம்.

இன்னொரு நல்ல குணம். நாடாவில் பளிங்குத் துணிக்கைகள் ஒன்றுக்கொன்று சற்றுச் சாய்ந்திருந்தால் மின்னோட்டம் தடைப்படும். செம்பு ஒட்சைட்டுகளில் 3 முதல் 5 பாகைச் சாய்விலேயே ஓட்டம் சரியத் தொடங்கும். கோபால்ட்டுக் கலந்த பேரியச் சேர்மத்தின் படலம் 9 பாகை வரை பொறுக்கிறது என்று 2011இல் ஹொசோனோவின் குழு காட்டியது. அதற்கு இரட்டைப் பளிங்குத் தளத்தின்மேல் வளர்த்த லேசர் படலம்தான் உதவியது. நாலு பாகை வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் மிகத் துல்லியமான, விலை கூடிய நாடா தேவையில்லை என்பதே அதன் பொருள். கம்பி செய்வோர் வேறு முறையில் முன்னேறினார்கள். 2016இல் சீனாவில் 100 மீற்றர் நீளமான இரும்பு மீகடத்திக் கம்பி செய்யப்பட்டது.

எங்கள் பக்கத்தில்

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் கல்பாக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்தக் குடும்பத்தை ஆராய்ந்தார்கள். பேரியம், இரும்பு, ஆசனிக்குச் சேர்மத்தில் இரும்பின் ஒரு பகுதிக்கு உருத்தேனியத்தை வைத்தால் மீகடத்தல் பிறப்பதை 2010இல் அவர்கள் வெளியிட்டார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயரழுத்த ஆய்வு மையத்தில் இரும்பு மீகடத்திகளை அழுத்தி அவற்றின் மாறுநிலை வெப்பநிலை எப்படி நகர்கிறது என்று பார்த்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் லேசர் படிவு முறையில் படலங்கள் வளர்க்கிறார்கள். தமிழ் பேசும் பிள்ளைகள் எட்டமுடியாத தூரத்தில் இவை இல்லை.

யாழ்ப்பாணத்தில் இரும்பு மீகடத்திப் படலம் வளர்ப்பதில்லை. ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் சூரியக் கலங்களுக்கான மெல்லிய படலங்கள் பற்றிய ஆய்வு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. பொருள் வேறு, முறையும் வேறு. மெல்லிய படலத்தில் அணுக்களை ஒழுங்காக நிறுத்தும் கலை ஒன்றுதான். திருநெல்வேலிச் சந்தி சோனகத் தெருவிலிருந்து துவிச்சக்கர வண்டியில் போகும் தூரம்.

ஐம்பத்தேழு என்ற எண்

இரும்பைப் பற்றி எழுதிவிட்டு ஸூரதுல் ஹதீதைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபிப்பார்கள். அல்குர்ஆனின் 57ஆவது அத்தியாயம் இரும்பின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இரும்பின் வலிமையையும் அதில் மனிதருக்கு உள்ள பயன்களையும் அது நினைவூட்டுகிறது. எங்கள் மேடைகளில் இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். இரும்புக்கு 57 என்ற சமதானி உண்டு, அத்தியாயத்தின் எண்ணும் 57, ஆகவே இது விஞ்ஞான அற்புதம் என்பார்கள். ஒரு மீலாத் விழாவில் நானும் இதைப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இயற்கையில் உள்ள இரும்பில் 100க்கு ஏறக்குறைய 92 பங்கு 56 என்ற சமதானி. 57 வெறும் 2 பங்கு அளவே. 54, 58 என்று வேறும் உண்டு. அன்று நான் சொன்னது பாதிச் செய்தி. வேதத்துக்கு அப்படிப்பட்ட முட்டு தேவையில்லை என்பது என் பணிவான எண்ணம்.

ஆனால் அந்த 57க்கு உண்மையான ஒரு கதை உண்டு, அதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. இரும்பு-57இன் அணுக்கரு, ஒரு குறிப்பிட்ட காமாக் கதிரை மிக நுண்மையாக உறிஞ்சும். 1958இல் மொஸ்பவர் கண்டறிந்த விளைவை அடியாகக் கொண்ட ஒரு முறையால், அந்த அணுக்கரு தன்னைச் சுற்றியுள்ள காந்த நிலையைச் சொல்லிவிடும். 2008இல் இரும்பு மீகடத்திகள் வந்தவுடன், தாய்ச் சேர்மத்தில் காந்த ஒழுங்கு இருக்கிறதா, புளோரின் கலந்ததும் அது மறைகிறதா என்று இந்த இரும்பு-57ஐக் கொண்டுதான் சில குழுக்கள் கேட்டுப் பார்த்தன. எண் பொருத்தத்தில் மகிழ்ந்து நின்றவர்களுக்கு அந்த விடை கிடைத்திருக்காது. ஆய்வுகூடத்தில் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. அல்கிந்தி வாளின் வரிகளைக் குனிந்து பார்த்து எழுதினாரே, அந்தக் குனிவுதான் எங்கள் முன்னோரின் சொத்து.

பையனுக்கு மறுமொழி

அந்தப் பையனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட கடை இரும்பில இதைச் செய்யலாமா சேர்?" என்றான். நேராக முடியாது, அதற்கு மிகத் தூய இரும்பு வேண்டும், பழைய இரும்பில் பல கலப்புகள் உண்டு என்றேன். ஆனால் அதில் இருப்பதும் அதே இரும்பு அணுதான், வித்தியாசம் அதைச் சுத்திகரிப்பதிலும் அடுக்குவதிலும்தான் என்றும் சொன்னேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். சாதாரண தரம் முடிந்ததும் கடையில் நிற்கச் சொல்லி வாப்பா சொல்லியிருக்கிறார் என்றான். இது அவன் ஒருவனின் கதை இல்லை. எங்கள் பிள்ளைகளில் உயர்தரத்தில் கணிதமும் பௌதிகவியலும் எடுக்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். இடம்பெயர்ந்து அலைந்த தலைமுறை உடனடிப் பிழைப்பைத் தேடியதில் பிழையில்லை. எங்கள் வாப்பாமாருக்கு வேறு வழி இருக்கவில்லை. திரும்பி வந்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. அதைக் காட்டாமல் விட்டால் பிழை எங்களுடையது.

அன்று பின்னேரம் நான் அவனுடைய கடைக்குப் போய் வாப்பாவோடு பேசினேன். தராசுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுத் தந்தார், தேத்தண்ணி வந்தது. நான் சொன்னதில் லேசரும் கெல்வினும் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கடைசியில், "இரும்ப நிறுத்து நிறுத்துக் கை தேஞ்சு போச்சு சேர். உள்ளுக்க என்ன இருக்கெண்டு அவனாவது பாக்கட்டும்" என்றார். பையனை உயர்தரத்துக்கு விடுவதாக ஒப்புக்கொண்டார். இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்.